ஹக்கீமிடம் ஒப்படைத்த அமானிதம்

கி.பி. 12-ஆம் நூற்றாண்டில் சிரியா நாட்டின் கடைவீதிகளைச் சுற்றிவந்த அதிகாரி ஒருவர் உண்டு. முஹ்தசிப் என்பது அவருடைய பதவிப் பெயர். ரொட்டி சுடுபவரின் மாவிலே கலப்படம் உண்டா, பாலிலே தண்ணீர் சேர்ந்திருக்கிறதா, தராசு நேராக நிற்கிறதா என்றெல்லாம் பார்த்துத் தவறு செய்தோரைத் தண்டிப்பது அவர் கடமை. அந்த அதிகாரிக்குக் கையேடாக அமையும்பொருட்டு, சுல்தான் சலாஹுத்தீன் ஐயூபியின் காலத்தவரான ஷைஸரீ என்னும் அறிஞர் 40 இயல்கள் கொண்ட நூலொன்றை எழுதினார். அந்நூலில் சமையற்காரர், நெசவாளர், சாயம் தோய்ப்பவர் ஆகியோரோடு வைத்தியருக்கும் இடமுண்டு.

வைத்தியர் பற்றிய இயலில் அவர் கூறும் செய்தி நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது. வைத்தியத் தொழில் செய்வோரிடம் புக்ராத்தின் சத்தியப் பிரமாணத்தை முஹ்தசிப் வாங்க வேண்டும். யாருக்கும் நஞ்சு கொடுப்பதில்லை, நோயாளியின் வீட்டினுள் நுழையும்போது பெண்கள் இருக்கும் பக்கம் பார்வையைச் செலுத்துவதில்லை, இரகசியங்களை வெளியிடுவதில்லை, மறைப்பாக இருப்பதன் திரையை விலக்குவதில்லை என்று அவர்கள் உறுதி கூற வேண்டும். தராசைச் சோதிக்கின்ற அதே அதிகாரியிடம் வைத்தியரின் நாவைக் காக்கும் பொறுப்பும் தரப்பட்டிருந்தது என்பதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும். பின்னர் எகிப்திலே 1329-இல் மறைந்த இப்னுல் உகுவ்வாவும் தம்முடைய கையேட்டில் இவ்விதிகளை எடுத்தாண்டுள்ளார். ஆகவே இது ஓர் அறிஞரின் தனி ஆசையாக நின்றுவிடாமல், நூல்வழியாகக் கைமாறி வந்த நிருவாக மரபாயிற்று எனலாம்.

புக்ராத் என்று அரபு மொழியில் வழங்கப்படுபவர் கிரேக்க நாட்டு ஹிப்போகிராட்டீஸ். அவர் பெயரால் வழங்கும் பிரமாணத்தை அவரே இயற்றினாரா என்பதில் ஆராய்ச்சியாளரிடையே ஐயம் உண்டு. ஆயினும் அதன் இறுதிப் பகுதியில் வரும் கருத்து தெளிவானது. வைத்தியம் செய்கையில் காண்பவையும் கேட்பவையும் மட்டுமன்றி, வைத்தியத்திற்குப் புறம்பே மாந்தர் வாழ்வில் தம் கண்ணிலும் காதிலும் படுபவற்றுள்ளும் வெளியே சொல்லத்தகாதவற்றைப் புனித மறைபொருளாகக் காப்பதாக அவ்வைத்தியர் உறுதி கூறுகிறார்.

இப்பிரமாணம் அரபு உலகை எவ்வாறு வந்தடைந்தது? பாக்தாதில் மொழிபெயர்ப்பு இயக்கம் செழித்திருந்த 9-ஆம் நூற்றாண்டில், ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (809 - 873) என்னும் கிறிஸ்தவ அறிஞரும் அவருடைய மாணாக்கர் குழுவினரும் ஜாலினூஸின் நூல்களையெல்லாம் சுரியானி மொழிக்கும் அரபு மொழிக்கும் கொணர்ந்தனர். அவற்றுள் இப்பிரமாணத்திற்கு ஜாலினூஸ் எழுதியதாகக் கூறப்படும் உரையும் ஒன்று. அவ்வுரையின் கிரேக்க மூலம் அழிந்துபோயிற்று. அரபு நூல்களில் எடுத்தாளப்பட்ட பகுதிகளே இன்று எஞ்சியுள்ளன. பிரமாணத்தின் அரபு வடிவத்தை, திமிஷ்க் நகரத்து இப்னு அபீ உஸைபிஆ (மறைவு 1270) வைத்தியர்களின் வரலாறாக எழுதிய பெருநூலில் முழுமையாகப் பதிந்து வைத்தார்.

ஹுனைனைப் பற்றி அதே நூல் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறது. கலீஃபா முத்தவக்கில் அவரை அழைத்துத் தம் பகைவனைக் கொல்ல நஞ்சு தயாரித்துத் தருமாறு கேட்டார். நன்மை தரும் மருந்துகளையே தாம் கற்றிருப்பதாகக் கூறி ஹுனைன் மறுத்துவிட்டார். ஓராண்டுச் சிறைக்குப் பின்னும், வாளைக் காட்டி மிரட்டிய பின்னும் அவர் விடை மாறவில்லை. இரண்டு பொருள்கள் தம்மைத் தடுப்பதாக அவர் கூறினாராம்: ஒன்று தம் சமயம், மற்றொன்று தம் தொழில். தம்மைச் சோதிக்கவே இவ்வாறு செய்ததாகக் கலீஃபா பின்னர் தெரிவித்தார் என்று கதை முடிகிறது. வரலாற்று நூலாசிரியர் சிறிது அழகூட்டியும் இருக்கலாம். ஆனால் ஆட்சியாளரின் கட்டளையை விடத் தொழிலின் பிரமாணம் உயர்ந்தது என்று அக்காலத்து வைத்தியர் சமூகம் தன்னைப் பற்றி நினைத்தது என்பதற்கு இக்கதையே சான்று.

பாரத நாட்டு மரபும் இதனின்று வேறுபட்டதன்று. சரக சம்ஹிதையில் மாணாக்கனுக்கு ஆசான் கூறும் அறிவுரைகளுள், நோயாளியின் இல்லத்து நடப்புகளை வெளியே சொல்லலாகாது என்பதும் இடம் பெற்றுள்ளது. நோயாளியின் ஆயுள் முடியப்போவதை அறிந்தாலும், அதனைச் சொல்வது அவருக்கோ பிறருக்கோ அதிர்ச்சி தருமாயின் சொல்லாதிருக்க வேண்டும் என்றும் அந்நூல் கூறுகிறது. அந்தச் சரகரின் நூலும் அப்பாஸியர் காலத்தில் அரபு மொழிக்குச் சென்று ராஸி போன்ற பெருவைத்தியர்களால் எடுத்தாளப்பட்டது.

இரகசியம் காப்பது ஒருபுறம் இருக்க, எழுதிவைத்த குறிப்பு யாருக்குச் சொந்தம் என்ற வினாவும் பழையதே. ருஹா நகரைச் சேர்ந்த இஸ்ஹாக் இப்னு அலீ அர்-ருஹாவீ 9-ஆம் நூற்றாண்டளவில் ‘அதபுத் தபீப்’ என்னும் வைத்திய ஒழுக்க நூலை 20 இயல்களில் எழுதினார். வைத்தியர் நோயாளியைப் பார்க்கச் செல்லும்போது நோயின் நிலையையும் தாம் கொடுத்த மருந்தையும் தாளில் எழுதி நோயாளியின் வீட்டாரிடம் விட்டு வரும் வழக்கத்தை முன்னோர் நெறியாக அவர் எடுத்துக்காட்டுகிறார். நோயாளி இறந்துபோனால் அத்தாள்களைத் தலைமை வைத்தியரிடம் காட்டித் தவறு நிகழ்ந்ததா என ஆராயச் செய்யலாம். வைத்தியரின் பிழையால் உயிர் போவது அன்றும் நடந்ததுதான். ஹிஜ்ரி 319-இல், அதாவது கி.பி. 931-இல், அத்தகைய மரணம் ஒன்றைக் கேள்வியுற்ற கலீஃபா முக்ததிர், பாக்தாது வைத்தியர்கள் அனைவரும் ஸினான் இப்னு தாபித்திடம் தேர்வு பெற்ற பின்னரே தொழில் நடத்தலாம் என்று ஆணையிட்டார். 860-க்கும் மேற்பட்டோர் அத்தேர்வுக்கு வந்தனர்.

இனி ஐரோப்பாவுக்குச் செல்வோம். நம் நாட்டுச் சட்டம் அங்கிருந்துதான் வந்தது. 1776-ஆம் ஆண்டு இலண்டனில் பிரபுக்கள் சபையின் முன் கிங்ஸ்டன் சீமாட்டியின் மீது, முதற்கணவர் உயிருடன் இருக்க இரண்டாம் மணம் புரிந்தார் என்ற வழக்கு நடந்தது. சீமாட்டிக்கு வைத்தியம் பார்த்த சீசர் ஹாக்கின்ஸ் என்ற அறுவை வைத்தியர் சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்டார். தொழில் முறையில் நம்பிக்கையாகத் தம்மிடம் கூறப்பட்டதைச் சொல்லத்தான் வேண்டுமா என்று அவர் கேட்டார். மான்ஸ்ஃபீல்டு பிரபு அளித்த விடை பின்வந்த நூற்றாண்டுகளைக் கட்டிப்போட்டது. வைத்தியர் தாமாகவே வெளியிட்டால் அது மானக்கேடு, நம்பிக்கைத் துரோகம். ஆனால் நீதிமன்றம் கேட்கும்போது சொல்வது அவ்வாறாகாது. வைத்தியருக்கு அத்தகைய சலுகை எதுவுமில்லை என்பதே அவ்விடை.

1872-இல் ஆங்கிலேயர் இந்தியாவுக்கு இயற்றிய சாட்சியச் சட்டத்தில் வக்கீலுக்கும் அவர் கட்சிக்காரருக்கும் இடையே நிகழும் பேச்சுக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. டாக்டருக்கும் நோயாளிக்கும் இடையே நிகழ்வதற்குக் கிடைக்கவில்லை. அச்சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் நிலைமை அதுவே. ஆனால் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் 1828-லேயே டாக்டரின் வாயைத் திறக்கச் செய்யலாகாது என்று சட்டம் இயற்றியிருந்தது. ஒரு கொள்ளைக்காரன் வக்கீலிடம் சொன்னதை நாம் காக்கிறோம், ஒரு நோயாளி டாக்டரிடம் சொன்னதைக் காப்பதில்லை. இதில் உள்ள நியாயத்தை நம்மால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

நீதிமன்றம் போகட்டும். இரகசியம் கசிவது பெரும்பாலும் வீட்டினுள்ளேதான். 1896-இல் இலண்டனைக் கலக்கிய வழக்கொன்று இதற்கு எடுத்துக்காட்டு. வில்லியம் பிளேஃபேர் அக்காலத்தின் புகழ்வாய்ந்த மகப்பேற்று வைத்தியர். தம் மனைவியின் சகோதரரை மணந்த பெண்ணுக்கு அவர் வைத்தியம் பார்க்க நேர்ந்தது. கணவர் ஆஸ்திரேலியாவில் இருக்க, அப்பெண்ணுக்கு அண்மையில் கருச்சிதைவு நேர்ந்திருப்பதாக அவர் முடிவு செய்தார். செய்த முடிவைத் தம் மனைவியிடம் சொன்னார். குடும்பத்தின் செல்வந்தரான மற்றொரு மைத்துனரிடமும் சொன்னார். அப்பெண்ணுக்கு வந்துகொண்டிருந்த ஆண்டுப் பணம் நின்றது, பெயரும் போயிற்று. தம் மனைவியையும் மகள்களையும் காக்கவே அவ்வாறு செய்ததாக வைத்தியர் வாதாடினார். ஜூரிகள் அதை ஏற்கவில்லை. 12,000 பவுன் நஷ்ட ஈடு வழங்குமாறு தீர்ப்பளித்தனர். அந்நாளில் அது மலைக்கத்தக்க தொகை. அவர் ஊரறியப் பேசவில்லை, சொந்தக்காரரிடம்தானே சொன்னார் என்று நம்மில் சிலர் எண்ணக்கூடும். சொந்தக்காரருக்குச் சொன்னதே அப்பெண்ணின் வாழ்வைக் கெடுத்தது.

இந்த உபகண்டத்தின் அரசியலோடு பின்னிக்கிடக்கும் வைத்திய இரகசியம் ஒன்றையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். 1946-ஆம் ஆண்டு முஹம்மது அலீ ஜின்னாவின் நுரையீரலை எக்ஸ்ரே படம் எடுத்த பம்பாய் டாக்டர் ஜால் பட்டேல், காசநோய் முற்றியிருப்பதைக் கண்டார். அந்தப் படம் உறையிலிடப்பட்டு அவருடைய அலுவலகத்திலேயே இருந்தது. இந்தச் செய்தியை ‘நள்ளிரவில் சுதந்திரம்’ என்று பொருள்படும் ஆங்கில நூலில் லாரி காலின்ஸும் டொமினிக் லாப்பியரும் 1975-இல் விரிவாக எழுதியபோது உலகம் அதிர்ந்தது. தமக்கு இது தெரிந்திருந்தால் தாம் வேறு விதமாக நடந்திருக்கக்கூடும், காலத்தைக் கடத்தியிருக்கக்கூடும் என்ற கருத்துப்பட மவுண்ட்பேட்டன் அவர்களிடம் பேசினார்.

ஒரு டாக்டர் வாய் திறந்திருந்தால் நாடு பிளந்திராது என்று அன்றுமுதல் பேசுவோர் பலர். நாம் அதை ஏற்பதற்கில்லை. பிரிவினையின் காரணங்கள் ஒரு மனிதரின் நுரையீரலுக்குள் அடங்கக்கூடியவை அல்ல. அஃது எவ்வாறாயினும், நாட்டின் எதிர்காலமே தொங்கிக்கொண்டிருந்த மாதங்களில், பத்திரிகைகளுக்கு ஒரு சொல் சொன்னாற் போதும் என்ற நிலையில், அந்த டாக்டர் சொல்லாதிருந்தார். அவர் செய்தது சரியா என்று கேட்போரிடம் நாம் ஒன்று கேட்கலாம். டாக்டர்கள் தலைவர்களின் நோயை அரசியல் கணக்குப் பார்த்து வெளியிடத் தொடங்கினால், எந்தத் தலைவர் டாக்டரிடம் செல்வார்?

ஜின்னாவின் கடைசி நாட்களில் ஸியாரத்தில் அவருக்கு வைத்தியம் பார்த்தவர் லெப்டினன்ட் கர்னல் இலாஹி பக்ஷ். அவர் 1949-இல் தம் அனுபவங்களை நூலாக வெளியிட்டார். காசநோய் என்று அவர் தெரிவித்தபோது நோயாளி நிதானம் குலையவில்லை. தம் தங்கை பாத்திமாவிடம் இதைச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டார். ஆம் என்றதும், சொல்லியிருக்கக் கூடாது என்றார். தன்னலமின்றித் தம் அருகிலேயே இருந்து பணிவிடை செய்த தங்கையிடம் சொன்னதைக்கூட அவர் விரும்பவில்லை.

இரகசியத்திற்கும் பொய்க்கும் உள்ள எல்லையை மறந்தவர்களும் உளர். பிரான்ஸ் நாட்டின் ஜனாதிபதி மித்தெரான், தம் உடல்நிலை பற்றி ஒழுங்காக அறிக்கை வெளியிடுவதாக வாக்களித்து 1981-இல் பதவியேற்றார். அவ்வாண்டின் இறுதியிலேயே அவருக்குப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. ஆண்டுக்கணக்கில் அவருடைய டாக்டர் குப்ளேர் நலமாக இருப்பதாக அறிக்கைகளில் கையெழுத்திட்டு வந்தார். 1996 ஜனவரியில் மித்தெரான் இறந்த சில நாட்களிலேயே அதே டாக்டர் எல்லாவற்றையும் நூலாக எழுதி விற்றார்! நீதிமன்றம் நூலைத் தடை செய்தது. காலம் கடந்தும் தடையை நீடித்தது பேச்சுரிமைக்கு முரணானது என்று 2004-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிரோடிருக்கையில் பொய் சொன்னவர், இறந்தபின் உண்மை சொன்னார். இரண்டுமே நோயாளிக்குச் செய்த கேடு என்றுதான் நமக்குப் படுகிறது.

மறைக்கவே கூடாத நேரமும் உண்டன்றோ? மார்க்க அறிஞர்கள் இதனை வெகு காலத்திற்கு முன்பே ஆராய்ந்துள்ளனர். புறம் பேசுதலைக் கடுமையாக விலக்கிய மார்க்கத்திலேயே, அது அனுமதிக்கப்படும் 6 சந்தர்ப்பங்களை இமாம் நவவீ (1233 - 1277) வரிசைப்படுத்தினார். திருமண சம்பந்தமாக ஆலோசனை கேட்போருக்கு உள்ளதைச் சொல்வதும் அவற்றுள் ஒன்று. பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி வினவியபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் ஒருவரின் வறுமையையும் மற்றவரின் கடுமையையும் ஒளிக்காமல் கூறியது இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. ஆனால் கேட்டவருக்கு, கேட்ட காரியத்திற்கு, தேவையான அளவு என்ற வரம்பு அதில் அடங்கியுள்ளது. 1993 ஜூனில் புரூணையில் கூடிய அனைத்துலக இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, தன் 79-ஆம் தீர்மானத்தில் வைத்தியத் தொழிலின் இரகசியம் பற்றி இதே நெறியிற் பேசிற்று. இரகசியம் காப்பதே விதி. காப்பதால் விளையும் தீங்கு வெளியிடுவதால் விளையும் தீங்கைவிடப் பெரிதாகும்போது மட்டும் விலக்கு.

இக்கேள்வி நம் சென்னை மாநகரத்தில் ஒரு மனிதரின் வாழ்வில் வந்து மோதிற்று. 1986-இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி இருப்பதை முதன்முதலாக இதே சென்னையில் கண்டறிந்திருந்தனர். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1995-இல், நாகாலாந்து அரசின் மருத்துவர் ஒருவர் அறுவை சிகிச்சைக்காக ஒரு நோயாளியைச் சென்னை மருத்துவமனைக்கு அழைத்து வந்தார். நோயாளிக்காகத் தம் இரத்தத்தையும் கொடுத்தார். சோதனையில் அவ்விரத்தத்திலே கிருமி இருப்பது தெரிந்தது. அடுத்து அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த திருமணம் நின்றது. செய்தி சுற்றத்தாரிடையே பரவியது. ஊரார் ஒதுக்கிவைக்க, அவர் சொந்த ஊரை விட்டே வெளியேறிச் சென்னையில் வந்து தங்கினார். இரகசியத்தை வெளியிட்ட மருத்துவமனை மீது அவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பெயர்கள் மறைக்கப்பட்டு, ‘திரு. எக்ஸ்’ என்றும் ‘மருத்துவமனை இசட்’ என்றும் அது சட்ட நூல்களில் இடம் பெற்றுள்ளது.

1998 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. அந்தரங்க உரிமை முழுமையானதன்று. மணமகளாக வரவிருந்த பெண்ணின் உடல்நலம் காக்கப்பட வேண்டும். ஆகையால் மருத்துவமனை செய்தது குற்றமாகாது என்றது நீதிமன்றம். அதோடு நில்லாமல், இத்தகையோருக்கு மணஉரிமையே நிறுத்தி வைக்கப்படும் என்ற போக்கிலும் கருத்துரைத்தது. 2002 டிசம்பரில் மூவர் கொண்ட அமர்வு, திருமணம் பற்றிய அக்கருத்துகள் வழக்கிற்குத் தேவையற்றவை என்று விலக்கிற்று.

அந்தப் பெண் காக்கப்பட்டது நல்லதே. எச்.ஐ.வி. கிருமியுடன் வரும் மணமகனை அறியாமல் தம் மகளைக் கட்டிக்கொடுக்க எந்த வாப்பாவும் உம்மாவும் சம்மதிப்பார்கள்? எனினும் தீர்ப்பைப் படிக்கையில் நம் உள்ளத்தில் ஒரு கேள்வி உறுத்துகிறது. மணப்பெண்ணுக்குத் தெரிவிப்பது வேறு. சுற்றமும் ஊரும் அறிந்து ஒருவரை விரட்டும் நிலை வருவது வேறு. முன்னதற்குக் காரணம் காட்டிப் பின்னதை நியாயப்படுத்த இயலுமா? இவ்வேறுபாட்டைச் சட்டம் ஒப்புக்கொள்ள 19 ஆண்டுகள் ஆயின. 2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டத்தின்படி, நோயாளியின் துணைவருக்குத் தெரிவிக்கும் அதிகாரம் டாக்டருக்கும் ஆலோசகருக்கும் மட்டுமே உண்டு. முதலில் நோயாளியே சொல்லுமாறு அவருக்கு எடுத்துரைக்க வேண்டும். அவர் சொல்லமாட்டார் என்று தெளிந்தால், தாம் சொல்லப்போவதை நோயாளிக்கு முன்னரே அறிவித்துவிட்டு, துணைவரை நேரில் கண்டு ஆலோசனையுடன் சொல்ல வேண்டும். இமாம் நவவீ வகுத்த வரம்பையே இது வேறு மொழியில் கூறுகிறது என்று நாம் சொன்னால் மிகையாகாது.

தனி மனிதருக்கு நேர்ந்தது 2020-இல் ஒரு சமுதாயத்திற்கே நேர்ந்தது. அவ்வாண்டு மார்ச்சு மாதம் டில்லி நிஜாமுத்தீனில் தப்லீக் மர்கஸில் கூடியோர் சிலருக்குக் கொரோனா தொற்றியது உண்மை. அங்கு சென்று வந்தவர்களைத் தேடிச் சோதிப்பது சுகாதாரத் துறையின் கடமை என்பதும் உண்மை. தொற்றுநோயை வைத்தியர் சுகாதார அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும் என்று 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டமே கூறுகிறது. ஆனால் அதிகாரியிடம் சேர வேண்டிய பெயரும் முகவரியும் தாங்கிய பட்டியல்கள் கைபேசி வழியே ஊர் ஊராகச் சுற்றின. அரசின் அன்றாட அறிக்கைகளில் டில்லி சென்று வந்தோர் எத்தனை பேர் என்ற கணக்கு தனியே வாசிக்கப்பட்டது. சில நாட்களில் தமிழக அரசு அச்சொல்லைக் கைவிட்டு ‘ஒரே தொற்று மூலம்’ என்று மாற்றிக்கொண்டது. அதற்குள் காய்கறி விற்க வந்தவரின் பெயரைக் கேட்டுத் திருப்பியனுப்பும் அளவுக்கு வடக்கே பல ஊர்களில் நிலைமை சென்றுவிட்டது. இருமல் வந்தவர் சோதனைக்குச் செல்லவே அஞ்சிய வீடுகள் உண்டு. இரகசியம் காக்கப்படாத இடத்தில் நோய் ஒளிந்துகொள்கிறது; தொற்றும் அதனுடன் சேர்ந்து ஒளிந்து வளர்கிறது.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, தப்லீக்கில் கலந்துகொண்ட வெளிநாட்டினர் மீதான வழக்குகளை இரத்து செய்து, அவர்கள் பலிகடாக்கள் ஆக்கப்பட்டனர் என்ற கருத்தை வெளியிட்டது. டிசம்பர் 9-இல் உச்ச நீதிமன்றம், நோயாளிகளின் வீட்டு வாசலில் அறிவிப்பு ஒட்டுவது உரிய அதிகாரி பேரிடர் சட்டத்தின்கீழ் ஆணையிட்டாலன்றிக் கூடாது என்றது. ஒட்டிய தாள்களைக் கிழிக்கலாம். பக்கத்து வீட்டாரின் நினைவிலிருந்து கிழிக்க முடியுமா?

எழுத்திலிருந்து கணிப்பொறிக்குக் குறிப்புகள் மாறியபின் வினா மேலும் சிக்கலாயிற்று. அமெரிக்கா 1996-இல் இயற்றிய ‘ஹிப்பா’ என்னும் சட்டம் வேலை மாறுவோரின் இன்ஷூரன்ஸ் தொடர்வதற்காகப் பிறந்தது; அதன் கிளையாக வந்த அந்தரங்க விதிகள் 2003 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. அவை எழுதப்படுவதற்கு முன் நடந்த நிகழ்ச்சி சுவையானது. மாஸசூஸெட்ஸ் மாநிலம் தன் ஊழியரின் மருத்துவப் பதிவுகளைப் பெயரும் முகவரியும் நீக்கி ஆராய்ச்சியாளருக்குக் கொடுத்தது. எவர் அந்தரங்கமும் வெளிப்படாது என்று கவர்னர் வில்லியம் வெல்டு உறுதியளித்தார். லட்டானியா ஸ்வீனி என்னும் மாணவி 20 டாலர் கொடுத்துக் கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை வாங்கினார். கவர்னர் பிறந்த தேதியில் அந்நகரில் 6 பேர். அவர்களுள் ஆண்கள் 3 பேர். அவருடைய அஞ்சல் குறியீட்டில் அவர் ஒருவரே. கவர்னரின் மருத்துவப் பதிவு கைக்கு வந்துவிட்டது.

இந்தியாவில் 2017 ஆகஸ்டு 24-இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகக் கூறினர். 2021 முதல் நாடெங்கும் 14 இலக்க எண் கொண்ட நலக்கணக்கு வழங்கப்படுகிறது. 2022 நவம்பரில் டில்லியின் எய்ம்ஸ் மருத்துவமனையின் கணிப்பொறிகள் வெளியாரின் தாக்குதலால் முடங்கி, பணிகள் நாள்கணக்கில் கையெழுத்திலேயே நடந்தன. 2023-இல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் அதற்கான விதிகள் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக நடைமுறைப்படுத்தத் திட்டமிடப்பட்டன. ஆயினும் 2011-ஆம் ஆண்டின் பழைய விதிகள் மருத்துவக் குறிப்புகளைத் தனிக்கவனத்திற்குரிய தகவல் என்று பெயர் சொல்லிப் பிரித்திருக்க, புதிய சட்டம் அத்தகைய பிரிவு எதையும் வகுக்கவில்லை. கடைக்காரரிடம் கொடுத்த தொலைபேசி எண்ணும் மனநல மருத்துவர் எழுதிய குறிப்பும் அதன் கண்ணில் ஒரே வகைத் தகவல்தான். இது பின்னடைவு என்பதே நம் கருத்து.

டாக்டரைக் கட்டுப்படுத்தும் விதி 2002-ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் வெளியிட்டதே. அதனை மாற்ற 2023-இல் கொண்டுவந்த புதிய விதிகள் அவ்வாண்டே நிறுத்தி வைக்கப்பட்டன. நோயாளியின் இரகசியத்தை நீதிபதியின் ஆணையின்றியோ, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்திற்கோ கடும் ஆபத்து இருந்தாலன்றியோ, அறிவிக்க வேண்டிய தொற்றுநோயாக இருந்தாலன்றியோ டாக்டர் வெளியிடலாகாது. உள்நோயாளியின் குறிப்புகளை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும்.

இந்தக் கடைசி விதியில் யார் கேட்டால் என்பதை நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டும். நம் வீடுகளில் டாக்டர் மூத்த மகனை வெளியே அழைத்துப் பேசுவதும், கட்டிலில் கிடக்கும் உம்மாவுக்கு ஒன்றும் தெரியாமலிருப்பதும், அதே நேரத்தில் மாமிமார்களுக்கும் மச்சிமார்களுக்கும் எல்லாம் தெரிந்திருப்பதும் வழக்கம். அன்பினால்தான் அவ்வாறு செய்கிறோம். விதியோ நோயாளியையும், அவர் அதிகாரம் அளித்த துணையாளரையும், சட்டப்படியான அதிகாரிகளையும் மட்டுமே குறிப்பிடுகிறது. ஆகவே மகன் போய்க் கேட்டாலும், தாயார் சுயநினைவோடு இருக்கும்வரை அவர் கையொப்பமிட்ட கடிதத்தைக் கொண்டுசெல்ல வேண்டும். எழுதத் தெரியாதவராயின் கைரேகை வைத்துச் சாட்சியின் கையெழுத்தும் வாங்கிக்கொள்வது நல்லது.